ட்ரெய்லரின் வால் ரேம்பில் உரசுகிறது, ரோலர் போடலாமா?

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் கிடங்கு வைத்துக் கூடாரம், நாற்காலி, ஒலிபெருக்கி, ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் தம்பி ஒருவர் கேட்டது இது. பிக்கப் வண்டிக்குப் பின்னால் ஒற்றை ஆக்சில் ட்ரெய்லர் ஒன்றை இழுத்துக்கொண்டு போகிறார். கிடங்கு இருப்பது மேல்மாடி வரை லாரி ஏறும் ரேம்ப்-அப் கட்டடத்தில். ரேம்ப் தொடங்கும் இடத்தில் ட்ரெய்லரின் பின்முனை தரையைத் தேய்த்துக்கொண்டு போகிறது. காண்டோ (தனியார் அடுக்குமாடி) நிகழ்ச்சிக்குப் போனால் பேஸ்மென்ட் வாசலிலும் அதே கதை. "பின்னால் இரண்டு ரோலர் வெல்டிங் பண்ணிவிட்டால் போதும் என்கிறார்கள், அண்ணே. என்ன சைஸ், எந்த இடம், எப்படி?" என்று கேட்டு, அளவுகளையும் எழுதியிருக்கிறார். ஹிட்ச்சிலிருந்து (ட்ரெய்லரைப் பிக்கப்போடு மாட்டும் இடம்) ஆக்சில் வரை 3 மீட்டர். ஆக்சிலிலிருந்து பின்முனை வரை 2.4 மீட்டர். சரக்கோடு சேர்த்து 1,200 கிலோ. பிக்கப்பில் மாட்டிய நிலையில் பின்முனையின் அடிப்பக்கம் தரையிலிருந்து 300 மி.மீ. ரேம்பின் சாய்வு 7-க்கு 1, அதாவது 7 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறும். "முன்பக்கம் கொஞ்சம் தூக்கலாகத்தான் நிற்கும்" என்று கடைசியில் ஒரு வரி.

தம்பி, ரோலர் போடலாம். துவாஸ் கப்பல் பட்டறையில் ஃபேப்ரிகேஷன் பழகி, இப்போது ட்ரெய்லரும் லாரிப் பெட்டியும் செய்கிற பட்டறையில் இருக்கிறேன். ரோலர் போட்டு நிம்மதியாக ஓடுகிற வண்டிகளையும், ரோலர் போட்டதால் சாசி (அடிச்சட்டம்) கிழிந்து வந்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ரோலரின் தரத்தில் இல்லை. ரோலர் தரையைத் தொடும் நொடியில் எடை எங்கே போகிறது என்று முன்கூட்டியே யோசித்தார்களா என்பதில்தான். அதனால் சைஸ் சொல்வதற்கு முன் கணக்கைச் சொல்கிறேன். உங்கள் கடைசி வரியில்தான் பாதித் தீர்வு இருக்கிறது, அதற்கும் வருகிறேன்.

முதலில், ஏன் உரசுகிறது? பிக்கப் ரேம்பில் ஏறிவிட்டது, ட்ரெய்லரின் சக்கரம் இப்போதுதான் ரேம்பின் அடியைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹிட்ச் மேலே போனதால் ட்ரெய்லர் முழுவதும் ரேம்பின் சாய்வுக்கே சாய்ந்துவிடும். ஆனால் வால் பகுதிக்குக் கீழே இருப்பது இன்னும் சமதரை. 2.4 மீட்டர் வால், 7-க்கு 1 சாய்வில், 343 மி.மீ. கீழே இறங்கப் பார்க்கும். உங்களிடம் இருப்பதோ 300. ஆக 43 மி.மீ. இடிக்கிறது. உங்கள் ட்ரெய்லர் உரசாமல் ஏறக்கூடிய சாய்வு 8-க்கு 1 வரைதான், அதாவது 2,400-க்கு 300. எந்த ட்ரெய்லருக்கும் இந்த ஒரு வகுத்தல் போதும்: வாலின் நீளத்தை வாலின் உயரத்தால் வகுத்தால் வருகிற எண்தான் அதன் எல்லை.

ரேம்பில் இறங்கும்போதும் இதே இடத்தில் இதே அளவு இடிக்கும். பலர் இதைக் கவனிப்பதில்லை. பிக்கப் கீழே சமதரைக்கு வந்து, ட்ரெய்லர் சக்கரமும் அடிவாரத்துக்கு வந்ததும் ட்ரெய்லர் நேராகிவிடும். வாலுக்குக் கீழே மட்டும் ரேம்ப் ஏறிக்கொண்டிருக்கும். ஏறும்போது சத்தம், இறங்கும்போது சத்தமில்லை என்றால், இறங்கும்போது வண்டி காலியாக இருந்திருக்கும், ஸ்பிரிங் உயர்ந்து நின்றிருக்கும், அவ்வளவுதான். அளவெடுப்பதானால் சரக்கு ஏற்றித்தான் எடுக்க வேண்டும். எல்லா ரேம்பும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். நன்றாகக் கட்டிய ரேம்பில் அடியிலும் உச்சியிலும் பாதிச் சாய்வில் ஒரு இடைத்துண்டு இருக்கும். அந்தத் துண்டு உங்கள் வாலைவிட நீளமாக இருந்தால் வாலுக்குத் தெரிவது பாதிச் சாய்வு மட்டுமே. பழைய கட்டடங்களில் கத்தியால் வெட்டினாற்போல் சமதரையும் சாய்வும் நேரே சந்திக்கும். உங்கள் கிடங்கு அந்த ரகம் என்று நினைக்கிறேன்.

பேஸ்மென்ட் வாசல் வேறு விதம். இங்கே பேஸ்மென்ட் வாசல் நேராகக் கீழே இறங்காது. முதலில் சற்று மேலே ஏறி, ஒரு மேட்டைத் தாண்டித்தான் கீழே போகும். மழைவெள்ளம் உள்ளே புகாமலிருக்க அந்த மேடு இவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று பொதுப் பயனீட்டுக் கழகம் விதித்திருக்கிறது. 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் சாலைக் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்ததற்குப் பிறகு இந்த விதிகள் இன்னும் இறுகின. ஊருக்கு அது நல்லது. ட்ரெய்லருக்குத்தான் சோதனை: மேட்டின் முன்சரிவில் ஏறும்போது வால் இடிக்கும், உச்சியில் வயிறு இடிக்கும், உள்ளே கடைசி அடிவாரத்தில் மறுபடி வால் இடிக்கும். வால் ரோலர் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் உதவும். நடுவில் உள்ளதற்கு ஒன்றும் செய்யாது. ட்ரெய்லரின் முன் இழுசட்டமான டிராபாருக்குக் கீழே தொங்கும் ஜாக்கி வீலை (கழற்றி நிறுத்தும்போது தாங்கும் சிறு சக்கரம்) முழுசாகச் சுருட்டி மேலே மடித்துக் கட்டாமல் காண்டோ வாசலில் நுழையாதீர்கள். உச்சியில் முதலில் மாட்டுவது அதுதான்.

இடிப்பது எங்கே என்று ஊகிக்கவும் வேண்டாம். சரக்கோடு வண்டியை நிறுத்தி, வால் பகுதியின் அடிப்பக்கம் முழுவதும், குறுக்குச் சட்டம், லைட் பிராக்கெட், பின்கதவுக் கீல் உட்பட, பள்ளிக்கூடச் சாக்பீஸால் தேய்த்துவிடுங்கள். ஒருமுறை நடை வேகத்தில் ரேம்பில் ஏறி இறங்குங்கள். சாக்பீஸ் அழிந்த இடம் தொட்ட இடம். இடது வலது இரண்டிலும் ஒரே மாதிரி அழிந்திருந்தால் நேர் சாய்வு. ஒரு மூலை மட்டும் அழிந்திருந்தால் வண்டி திரும்பிக்கொண்டே ஏறுகிறது, அல்லது ரேம்பின் அடியில் வடிகால் மூடி ஒருபக்கம் உயர்ந்திருக்கிறது. இரண்டாவது என்றால் ஒரு மூலைக்கே முழு எடையும் வரும், ரோலரின் பலத்தை அதற்கேற்பக் கூட்ட வேண்டும். குறுக்குச் சட்டம் தொடாமல் லைட் பிராக்கெட் மட்டும் தொட்டிருந்தால் பிராக்கெட்டை 50 மி.மீ. ஏற்றி மாட்டிவிட்டு வேலையை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

இனி அந்த "முன்பக்கம் தூக்கல்" விஷயம். பிக்கப் வண்டிகள் உயரமானவை, அவற்றில் ட்ரெய்லரை மாட்டும் உருண்டையான டோ-பாலும் உயரம். உங்கள் ட்ரெய்லர் அதைவிடத் தாழ்வான வண்டிக்குச் செய்ததாக இருக்கலாம். முன்பக்கம் தூக்கினால் ஆக்சிலை மையமாக வைத்து வால் இறங்கும். உங்கள் அளவுக்கு, ஹிட்ச்சை 50 மி.மீ. இறக்கினால் வால் 40 மி.மீ. ஏறும். 50-ஐ 2.4-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்துப் பாருங்கள். இடித்துக்கொண்டிருந்த 43-இல் 40 போய்விட்டது! ஒரு ரோலரும் வாங்காமல், ஒரு தீப்பொறியும் பறக்காமல். டோ-பால் பொருத்தும் தட்டைத் தாழ்வான வகையாக மாற்றுவதுதான் இதற்கான வேலை. ஏற்கனவே தட்டில் மேலும் கீழுமாக இரண்டு ஜோடித் துளை இருந்தால் ஸ்பேனர் எடுத்து அரைமணி நேரத்தில் முடியும். ட்ரெய்லரின் தளம் சரக்கோடு ரசமட்டத்தில், அல்லது மூக்கு ஒரு விரல் தாழ்ந்து நிற்கும் வரை இறக்கலாம். அதற்குக் கீழே போனால் டிராபார் மேட்டில் இடிக்க ஆரம்பிக்கும்.

சரக்கை வைக்கும் விதத்தையும் பாருங்கள். ஜெனரேட்டரைப் பின்னால் ஏற்றுவது சுலபம் என்பதால் பலர் வாலிலேயே வைத்துக் கட்டிவிடுகிறார்கள். அது ஆக்சிலுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னால் வர வேண்டும். வால் கனத்த ட்ரெய்லர் விரைவுச்சாலையில் பாம்பாக நெளியும், அதற்கு முன்னால் ரேம்ப் உரசல் ஒரு பொருட்டே இல்லை. மொத்த எடையில் 5 முதல் 10 விழுக்காடு ஹிட்ச் மேல் உட்காருவது பழக்கத்தில் உள்ள அளவு. உங்களுக்கு அது 60 முதல் 120 கிலோ.

ஆக்சிலைப் பின்னுக்குத் தள்ளுவது, ஸ்பிரிங்கை ஆக்சிலுக்குக் கீழிருந்து மேலே மாற்றி வண்டியை உயர்த்துவது, வாலின் அடிப்பக்கத்தைச் சாய்வாகச் சீவி எடுப்பது எல்லாம் உண்டு. மூன்றிலும் வாலைச் சீவுவதுதான் எனக்குப் பிடித்தது. கடைசி 600 மி.மீ. நீளத்தில் சேனலின் (ப வடிவ இரும்புச் சட்டம்) கீழ்ப்பகுதியை முக்கோணமாக வெட்டி எடுத்து, வெட்டிய விளிம்பில் புதுத் தட்டு வைத்து முழுசாக வெல்ட் பண்ணினால், எடை கூடாமல், வண்டி உயரம் மாறாமல், 40, 50 மி.மீ. கிடைக்கும். ஆனால் சீவும் அந்த நீளத்தில் சட்டத்தின் ஆழம் குறைகிறது, கைதேர்ந்த ஆள் செய்ய வேண்டும். ஆக்சில் இடம் மாறினாலோ உயரம் மாறினாலோ அது நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டுச் செய்ய வேண்டிய மாற்றம். பட்டறைக்காரர் "பரவாயில்லை அண்ணே" என்று சொல்வதை வைத்து இறங்காதீர்கள்.

இப்போது ரோலர். ஹிட்ச்சை இறக்கியபிறகும் 3 மி.மீ. பாக்கி, அதோடு வண்டி குதிக்கும்போது ஸ்பிரிங் அமுங்கும் அளவு. ஆகவே உங்களுக்கு ரோலர் தேவைதான், காப்பாக. ஆனால் வரிசை முக்கியம். ஹிட்ச்சைத் தொடாமல் நேரே ரோலர் போட்டிருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

ரோலர் தரையைத் தொட்டதும் ட்ரெய்லருக்கு மூன்றாவது தாங்கல் வந்துவிடுகிறது: ஹிட்ச், சக்கரம், ரோலர். ரோலர் வாலைத் தூக்கத் தூக்க, சக்கரத்தின் மேலிருந்த எடை இரண்டாகப் பிரிந்து ஒரு பங்கு ரோலருக்கும் இன்னொரு பங்கு ஹிட்ச்சுக்கும் போகிறது. ஹிட்ச்சுக்கும் போகிறது என்பதுதான் யாரும் எதிர்பார்க்காதது. உங்கள் ட்ரெய்லரில் சாதாரண நேரத்தில் ஹிட்ச் மேல் 100 கிலோ, ஆக்சில் மேல் 1,100 கிலோ என்று வைப்போம். லீஃப் ஸ்பிரிங் அந்த எடையில் 60 மி.மீ. அமுங்கி நிற்கிறது என்றும் வைப்போம். ரோலர் சட்டத்துக்குக் கீழே 25 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால், பழைய ஹிட்ச் உயரத்தில் வால் 43-உம் 25-உம் சேர்ந்து 68 மி.மீ. தூக்கப்படும். ஆக்சில் இருக்கும் இடத்தில் சாசி சுமார் 38 மி.மீ. உயரும். ஸ்பிரிங்கின் அமுக்கத்தில் பாதிக்கு மேல் விடுபட்டு, ஏறக்குறைய 690 கிலோ ஆக்சிலை விட்டு நகரும். அதில் 385 கிலோ ரோலருக்கு, 305 கிலோ ஹிட்ச்சுக்கு. 100 கிலோ தாங்கிக்கொண்டிருந்த டோ-பால் ஒரே மூச்சில் 400 கிலோ தாங்க வேண்டும். ஹிட்ச்சை இறக்கியபிறகு இதே கணக்கைப் போட்டால் வால் 28 மி.மீ. மட்டுமே தூக்கப்படும், ஹிட்ச் மேல் வருவது சுமார் 225 கிலோ. பிக்கப்பின் பின் ஸ்பிரிங்கும் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும் என்பதால் உண்மையில் இரண்டுமே இதைவிடக் குறைவாக இருக்கும். ஆனால் முதலாவது இரண்டாவதைவிட மிக அதிகம் என்பது மாறாது.

கப்ளிங் (ட்ரெய்லர் மூக்கில் டோ-பாலைக் கவ்வும் பகுதி) மேலும் டோ-பார் (டோ-பாலைத் தாங்கும் பிக்கப்பின் இரும்புச் சட்டம்) மேலும் ஒரு சிறு தகடு அடித்திருப்பார்கள். எவ்வளவு செங்குத்து எடை தாங்கும் என்று அதில் இருக்கும். இந்த ரக ட்ரெய்லர்களில் 75, 100, 150 கிலோ என்று பார்க்கலாம். அது சாலையில் குலுங்கி ஓடும்போதும் தாங்குவதற்கான அளவு. நடை வேகத்தில் ஒரு கணம் அதைத் தாண்டினால் உடைந்துவிடாது என்பது உண்மை. ஆனால் நாள்தோறும் பலமுறை தாண்டினால் டோ-பாலின் கழுத்திலும் அடித்தட்டு போல்ட்டிலும் களைப்பு சேரும். டோ-பார் போல்ட் துளைகள் நீள்வட்டமாகிப் போன வண்டிகளில் நான் முதலில் எட்டிப் பார்ப்பது ட்ரெய்லரின் வாலில் ரோலர் இருக்கிறதா என்றுதான். லீஃப் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பரே ஸ்பிரிங்காக வேலை செய்யும் ரப்பர் டார்ஷன் ஆக்சில் உள்ள ட்ரெய்லரில் இது இன்னும் மோசம். அதில் அமுக்கம் குறைவு என்பதால் சிறிது தூக்கினாலே சக்கரம் தரையை விட்டுவிடும். சக்கரம் முழுசாக எழும்பிவிட்டால் உங்கள் ட்ரெய்லரில் ரோலர் மேல் 610 கிலோவும் ஹிட்ச் மேல் 590 கிலோவும் உட்காரும். ரோலரின் பலத்தை அந்தக் கடைசி நிலைக்குத்தான் கணக்கிட வேண்டும்.

இடம்: முடிந்தவரை கடைக்கோடியில். ரோலரின் மையம் பின்விளிம்பிலிருந்து 100 மி.மீ. உள்ளே இருந்தால், 7-க்கு 1 சாய்வில் விளிம்பு ரோலரைவிட 14 மி.மீ. கூடுதலாக இறங்கும். ரோலர் அதைவிட அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால்தான் விளிம்புக்கு முன்னால் அது தரையைத் தொடும். 200 மி.மீ. உள்ளே தள்ளினால் 29 மி.மீ. நீட்ட வேண்டும். நீட்ட நீட்ட வாலின் உயரத்தைத் தின்கிறோம், முன்பு உரசாமல் போன ரேம்பிலும் தொட ஆரம்பிக்கும். அதனால்தான் ரோலரைச் சட்டத்துக்கு அடியில் தொங்கவிடுவது கூடாது. சட்டத்தின் உட்பக்கவாட்டில் ஏற்றிப் பொருத்தி, 20 முதல் 25 மி.மீ. மட்டும் கீழே தெரியவிடுங்கள். 100 மி.மீ. விட்டமுள்ள ரோலர் என்றால் அதன் அச்சு, சட்டத்தின் அடிவிளிம்பிலிருந்து 25 மி.மீ. மேலே வரும். பின்விளிம்பைத் தாண்டி எதுவும் வெளியே வரக்கூடாது. வண்டியின் நீளம் மாறினால் அது வேறு பிரச்சினை, பின்னால் வருகிற மோட்டார்சைக்கிள்காரருக்கும் ஆபத்து.

நடுவில் ஒன்று போதாதா என்று கேட்பார்கள். வேண்டாம். நடுவில் வைத்தால் எடை முழுவதும் கடைசிக் குறுக்குச் சட்டத்தின் நடுவில் விழும். அந்தச் சட்டம் லைட்டும் நம்பர் பிளேட்டும் தாங்கச் செய்தது, அரை டன் தாங்க அல்ல. இரண்டு நீளச் சட்டங்களுக்கும் ஒன்றொன்று என்று போடுங்கள்.

விட்டம் 100-க்குக் குறையாதீர்கள், இடம் இருந்தால் 125. காரணம் நம்மூர் வடிகால். ரேம்பின் அடியில், வாசலுக்குக் குறுக்கே, இரும்புக் கம்பிமூடி போட்ட வடிகால் இல்லாத கட்டடமே அபூர்வம். 50 மி.மீ. ரோலர் அந்தக் கம்பி இடைவெளியில் விழுந்து மூடியையே பெயர்த்துக்கொண்டு வரும். பின்பக்கமாக வண்டியை எடுக்கும்போது ஏதாவது ஒரு விளிம்பில் ஏற வேண்டியிருந்தாலும் விட்டம்தான் கைகொடுக்கும். அச்சு மட்டத்துக்கு மேல் உள்ள விளிம்பை எந்த உருளையும் ஏறாது. ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை சிரமமில்லாமல் ஏறும். அகலம் 75 முதல் 100 மி.மீ. ஓரங்கள் கூராக இல்லாமல் உருட்டிவிட்டதாக இருக்கட்டும். ஏனென்றால் ட்ரெய்லர் திரும்பும்போது வால் பக்கவாட்டில் வீசும், நிலையான ரோலர் அப்போது உருளாமல் பக்கவாட்டில் தேயும். இதற்காகச் சுழலும் காஸ்டர் வீல் போடுபவர்கள் உண்டு. சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியின் முன்சக்கரம் படபடப்பதைப் பார்த்திருப்பீர்கள், சாலைக் குலுக்கலில் அதுவும் அப்படித்தான் ஆடிக்கொண்டே வரும். அதன் பேரிங்கும் பக்கவாட்டு அடியில் சீக்கிரம் போய்விடும். நிலையான ரோலரும், நேராக ஏறுகிற பழக்கமும் போதும்.

பொருள் எதுவென்று கேட்டால், இரும்பு ரோலர் கல்லுப்போல் உழைக்கும். கிடங்கு ரேம்ப் கான்கிரீட் என்பதால் அங்கே சரி. காண்டோ பேஸ்மென்ட்டில் எபாக்சி பூசிய தரையில் அது கோடு இழுத்துவிட்டால் காண்டோ நிர்வாக அமைப்பான எம்சிஎஸ்டி உங்களுக்குத்தான் பில் அனுப்பும். நைலான் நடுவாந்தரம். ஈரத்தைக் குடித்துச் சற்று உப்பும் என்பதால் நம் மழைக்கு அச்சுத்துளையில் தாராளமாக இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் இறுகிப்போய் உருளாமல் தேயும். எனக்குப் பிடித்தது இரும்பு உருளையின் மேல் பாலியூரித்தேன் வார்த்தது. வாங்கும்போது பாலியீதர் வகையா என்று கேளுங்கள். பாலியெஸ்டர் வகை நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் நாளடைவில் உதிர்ந்துவிடும். படகு ட்ரெய்லரில் படகின் அடியைத் தாங்க வைக்கும் மஞ்சள், கறுப்பு ரப்பர் ரோலர்கள் ஜாலான் புசார் பக்கம் ஹார்டுவேர் கடையில் கிடைத்தாலும் வேண்டாம். அவை படகின் மேனி கீறாமலிருக்கச் செய்தவை, கான்கிரீட்டில் கரைந்துபோகும்.

அச்சுக் கம்பியில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். வண்டி முறுக்கிக்கொண்டு ஒரே ரோலர் மேல் மொத்த 610 கிலோவும் விழுந்து, அதுவும் அடியாக விழுந்தால் இரு மடங்கு, சுமார் 1,200 கிலோ. பிராக்கெட்டின் இரு தட்டுகளுக்கும் இடையே 100 மி.மீ. இருந்தால், 20 மி.மீ. தடிமனுள்ள சாதா மைல்ட் ஸ்டீல் கம்பி அதில் வளைந்துவிடும். அதில் வரும் தகைவு 380 மெகாபாஸ்கலைத் தாண்டும், மைல்ட் ஸ்டீல் 250-இலேயே மடங்கிவிடும். அதே 20 மி.மீ. 8.8 தர போல்ட் 640 வரை நிற்கும். மைல்ட் ஸ்டீல்தான் கையில் இருக்கிறது என்றால் 25 மி.மீ. போடுங்கள், தகைவு 200-க்குள் வந்துவிடும். போல்ட்டின் மரை உள்ள பகுதி தட்டுகளுக்கு வெளியே வரும் அளவுக்கு நீளம் தேர்ந்தெடுங்கள், தானாகக் கழன்றுவிடாத நைலாக் நட் போட்டு முறுக்குங்கள். ஒருபக்கம் மட்டும் பிடித்து மறுபக்கம் காற்றில் தொங்கும் அச்சு வேண்டவே வேண்டாம். இரண்டு பக்கமும் தட்டு, தட்டு 8 மி.மீ.க்குக் குறையாமல்.

பிராக்கெட்டை வெல்ட் பண்ணுவதைவிட போல்ட் போட்டு மாட்டுவதையே நான் சொல்வேன். ரோலர் தேய்ந்துபோகிற பொருள், கழற்றி மாற்ற வேண்டும். உங்கள் சட்டம் துத்தநாகம் பூசியதாக இருந்தால் வெல்டிங்கில் பூச்சு எரிந்து, அந்த இடத்திலிருந்தே துரு பிடிக்கும். அந்தப் புகையும் உடம்புக்கு ஆகாது, பூச்சை அரைத்து எடுக்காமல் யாரும் தொடக்கூடாது. சட்டம் பெட்டிக் குழாயாக இருந்தால் போல்ட்டை முறுக்கும்போது குழாய் நசுங்கும், உள்ளே ஒரு குழாய்த் துண்டைத் தாங்கலாக வைத்து முறுக்குங்கள். சேனலாக இருந்தால் மறுபக்கம் ஒரு பின்தட்டு. துளைகள் சட்டத்தின் நடு உயரத்தை ஒட்டி வரட்டும். அடித்தகட்டில் துளை போடாதீர்கள், இழுவிசை அதிகம் வரும் இடங்களில் அது ஒன்று.

ரோலர் போட்டபிறகு ஓட்டுநருக்கும் உதவியாளருக்கும் சொல்லிவைக்க வேண்டியது இரண்டு உண்டு, இரண்டும் கால், உயிர் சம்பந்தப்பட்டவை. வால் ரோலரில் நிற்கும்போது ட்ரெய்லரின் ஹேண்ட்பிரேக்கை நம்பக்கூடாது. பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கும், சக்கரத்தின் மேல் எடை குறைந்துவிட்டது, எடை இருப்பது உருளுகிற ரோலர் மேல். ரேம்ப் அடியில் போக்குவரத்து நின்றாலும் ஓட்டுநர் பிக்கப்பின் பிரேக்கில் கால் வைத்தபடி இருக்க வேண்டும், யாரும் பின்னால் நிற்கக்கூடாது. இரண்டாவது, அந்த நிலையில் ஒருபோதும் ஹிட்ச்சைக் கழற்றக்கூடாது. வழக்கமாக 100 கிலோதானே என்று கைப்பிடியைத் தூக்குவார்கள். அதன் மேல் இப்போது 200, 300 கிலோ இருக்கும். டிராபார் கீழே அடிக்கிற வேகத்துக்குப் பாதுகாப்புக் காலணியும் போதாது.

சொந்தக் கிடங்கு ரேம்புக்கு இன்னொரு மலிவான வழியும் இருக்கிறது. சாலையோரக் கல்லில் ஏற வைக்கும் ரப்பர் சாய்தளம் கடைகளில் கிடைக்கும். சக்கரம் ஓடும் இரண்டு தடங்களில் மட்டும், ரேம்பின் அடியில், நீளமாக அடுக்கினால் வால் உரசும் நேரத்தில் சக்கரம் அந்த அளவு உயர்ந்து நிற்கும். கட்டட நிர்வாகம் சம்மதித்தால் அதையும் செய்யுங்கள். வடிகால் மூடியின் மேல் வைத்து மழைநீரை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

பொங்கோலிலோ சாங்கியிலோ படகு, கயாக் ட்ரெய்லர் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்குக் கணக்கு இதேதான். கடல்நீரில் இறங்குவதால் பேரிங் வைத்த ரோலர் மட்டும் வேண்டாம், பிளாஸ்டிக் புஷ்ஷும் ஸ்டெயின்லெஸ் அச்சும் போதும். கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வால் லேசாகத்தான் உரசுகிறது என்றால் ரோலரே இல்லாமல், அடியில் தடித்த யுஎச்எம்டபிள்யூ பாலித்தீன் (எளிதில் தேயாத, வழுக்கும் பிளாஸ்டிக்) பட்டை ஒன்றைத் தலை அமிழ்ந்த போல்ட்டால் பொருத்தினால் அது வழுக்கிக்கொண்டே போய்விடும்.

தம்பி, முதலில் ஹிட்ச்சை இறக்கி, சரக்கோடு சாக்பீஸ் சோதனையை மறுபடி செய்யுங்கள். பிறகு வாலின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். சட்டம் சேனலா பெட்டிக் குழாயா, உட்பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரிந்தால் பிராக்கெட் தட்டின் வரைபடத்தைப் போட்டுத் தருகிறேன். கப்ளிங் மேலிருக்கும் தகட்டையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.